ரோட்டுப் பக்கம்

...சரிங்க, நம்ம தையல் கூடத்துல மூணாவது மிஷினுக்கு பெல்ட் மூடி கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க... பாருங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. முதலாளிகிட்ட சொன்னது யாரு?... ஒரு கைகூட இல்லை.

ஒரு சின்னக் கதை சொல்றேன். உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.

நான் இங்க வர்றதுக்கு முன்னாடி சங்ககிரியில, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில இருந்தேன். அங்கமுத்து மாஸ்டர்னு ஒருத்தர். தங்கமான மனுஷன். அங்க யாரும் முன்னாடி, பின்னாடின்னு சொல்ல மாட்டாங்க. 'ரோட்டுப் பக்கம்', 'சுவத்துப் பக்கம்'னுதான் சொல்லுவாங்க. ஏன்? எந்த வண்டி வந்தாலும் ரிவர்ஸ்லதான் உள்ள வரும். மூஞ்சி ரோட்டைப் பார்த்துத்தான் நிக்கும். அதனால ரோட்டுப் பக்கம்னா வண்டியோட முன்பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு மினி லாரி வந்துச்சு. ஓட்டிட்டு வந்தது யாரு தெரியுமா? பாவாயி அக்கா. பொரி வறுக்கிறவங்க. வருஷா வருஷம் வியாபாரிதான் வந்து மூட்டையைத் தூக்கிட்டுப் போவான். இந்த வருஷம், 'என் பொரியை நானே தருமபுரி சந்தைக்குக் கொண்டு போறேன்'னு, பழைய வண்டி ஒண்ணு வாங்கி, ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. ஊரே சிரிச்சிருக்கு. வண்டி நேரா மூக்கை உள்ள விட்டு நின்னுச்சு.

மாஸ்டர் கேட்டாரு: "ஏனுங்க பாவாயி, புது மாப்பிள்ளை கணக்கா நேரா உள்ள வந்துட்டீங்க? ரிவர்ஸ்ல வரணுமுங்க."

அக்கா சிரிச்சாங்க: "எனக்கு முன்னாடி போகத்தானுங்க தெரியும். பின்னாடி போறது இன்னும் கைக்கு வரலைங்க மாஸ்டர்."

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

தார்ப்பாயை ரெண்டு துண்டா வெட்டி, ஓடு வேயுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித் தைப்போம். முன் துண்டு மேல வரணும், பின் துண்டு கீழ போகணும். அப்பதான் காத்தும் மழையும் மேலயே வழுக்கிட்டுப் போகும். மாத்திப் போட்டா, மடிப்போட வாய் காத்தைப் பார்த்துத் தொறந்திருக்கும்.

மாஸ்டர் வண்டியோட வளைவுக் கம்பி மேல ஏறி நின்னு கத்தினாரு: "ரோட்டுப் பக்கம் புடி, புள்ளை!" முன் துண்டை ரோட்டுப் பக்கம் புடிச்சேன். இருபது வருஷப் பழக்கம் அவருக்கு. எட்டு மாசப் பழக்கம் எனக்கு. வண்டி திரும்பி நிக்கிறது ரெண்டு பேருக்கும் உறைக்கலை.

அக்கா கிளம்பினாங்க. நான் பின்னாடி நின்னு, வண்டியைத் தட்டித் தட்டி, "வரலாம்... வரலாம்..."னு வெளியில எடுத்து விட்டேன். வண்டி ரோட்டுல திரும்புச்சு. அப்பதான் பார்த்தேன். மடிப்போட வாய்... முன்னாடி பார்த்து நிக்குது.

சொன்னேங்க. "மாஸ்டர், மடிப்பு மாறியிருக்கு"ன்னு சொன்னேன். ஆனா எப்படிச் சொன்னேன்? எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னேன். இஞ்சின் சத்தம் வேற. மாஸ்டர் திரும்பி, "என்ன?"ன்னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணுமில்லைங்க மாஸ்டர்."

தொப்பூர் கணவாயில மழை புடிச்சிருக்கு. காத்து அந்த வாய்க்குள்ள புகுந்து, தார்ப்பாய் உப்பி, கிழிஞ்சு, பறந்திருக்கு. பொரிக்கு எதிரி யாருங்க? தண்ணிதானே? நாற்பது மூட்டையும் களியாப் போச்சு. பூஜைக்குப் போக வேண்டிய பொரி. பூஜை முடிஞ்சா யாரு வாங்குவா?

நாலு நாள் கழிச்சு அக்கா வந்தாங்க, கிழிஞ்ச தார்ப்பாயோட. அன்னைக்கும் மூக்கு உள்ளதான். சண்டை போட வரலை. மிச்சம் இருக்கிற துணியைக் கழட்டிக் குடுங்கன்னு கேக்க வந்தாங்க.

மாஸ்டர் துணியைச் சரியாப் பார்க்காமலே, "கயிறை லூசாக் கட்டினா இப்படித்தாங்க ஆகும்"னாரு.

அக்கா தலையாட்டினாங்க. "ஆமாங்க மாஸ்டர். ஊர்ல சொன்னாங்க, பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னு. சரிதான் போல. நேத்து விலை பேசி முடிச்சாச்சு. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க."

அப்ப என் வாய் தொறந்துச்சு. சத்தமாவே வந்துச்சு. "அக்கா, கயிறு இல்லைக்கா! நாங்க தார்ப்பாயைத் திருப்பிப் போட்டுட்டோம். நீங்க கிளம்பினப்பவே நான் பார்த்தேன்!"

மாஸ்டர் துணியை விரிச்சுப் பார்த்தாரு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. "என் தப்புங்க, பாவாயி"ன்னாரு.

அக்கா அவரைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தாங்க. கோவமே இல்லைங்க. கோவப்பட்டிருந்தாத் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

அவ்வளவுதான். வண்டியில ஏறினாங்க. நான் ஓடிப்போய்ப் பின்னாடி நின்னேன், வரலாம் சொல்ல. ஆனா அவங்களுக்கு நான் தேவைப்படலை... ஒரே தடவையில, கோடு போட்ட மாதிரி, நேரா ரிவர்ஸ் எடுத்து வெளியில போனாங்க. விக்கப்போற வண்டியில.

இங்க இருக்கிற அக்காங்களே, அண்ணாங்களே, உங்களைத்தான் கேக்குறேன். நான் அன்னைக்குச் சொன்னது, சொன்னதாகுமா? நானே அதுக்கப்புறமும் ஆறு மாசம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 'நான் சொன்னேன், அவருக்குத்தான் கேக்கலை'ன்னு. இல்லைங்க. கேக்க வேண்டியவங்க காதுல விழலைன்னா, நாம சொல்லவே இல்லைன்னுதான் அர்த்தம். மாஸ்டர் செஞ்சது கைத்தப்பு. என்னோடது அப்படி இல்லை. அவரு திரும்பி நின்னு கேட்டாரு, நான் வாயை மூடிட்டேன்.

அதனால மூணாவது மிஷினைப் பத்தி நாளைக்குச் சத்தமாச் சொல்லுவோம். இஞ்சின் ஓடினா, நிறுத்தச் சொல்லிட்டுச் சொல்லுவோம். இன்னொண்ணு. உங்க பக்கத்துல யாராவது மெதுவா வாயைத் தொறந்து, அப்புறம் 'ஒண்ணுமில்லை'ன்னு சொன்னா... தயவு பண்ணி இன்னொரு தடவை கேளுங்க.