நிறுத்தியதற்குக் காரணம்

அவள்: ...இல்லைங்க சார், நான் பணம் கேட்டுக் கூப்பிடல. ஏன் நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்.

அவன்: அதான் நிறுத்திட்டேனே. இன்னும் என்ன?

அவள்: உங்க ஊர்ல தேர்தல்ல நிக்கிற டீச்சரம்மாவுக்கு ஒன்றரை வருஷமா மாசம் தவறாம நிதி கட்டியிருக்கீங்க. போன வாரம் திடீர்னு நிறுத்திட்டீங்க. நாங்க அவங்களுக்காக இன்டர்நெட்ல நிதி திரட்டுற கம்பெனி. காரணத்தைக் குறிச்சுக்கணும்...

அவன்: குறிச்சுக்கோங்க. வாரா வாரம் மெயில்ல ஒரு கடிதம் அனுப்புறீங்களே, அது பிடிக்கல.

அவள்: ...பிடிக்கலையா?

அவன்: ஏன் குரல் இறங்குது? நீங்கதான் எழுதுறதா?

அவள்: டீச்சரம்மாவே எழுதுறது சார். கீழ கையெழுத்து இருக்கே.

அவன்: அவங்க கணக்கு டீச்சர் மேடம். "ஏரி இன்னும் தூக்கம் கலையாமல் புரண்டு படுக்கிறது"ன்னு அவங்க எழுதுவாங்களாக்கும்?

அவள்: ஏன், கணக்கு டீச்சர் எழுதக்கூடாதா?

அவன்: எழுதலாம். ஆனா அதை என்கிட்ட ஒருத்தி ஏற்கெனவே சொல்லிட்டா. பாலத்துச் சுவர்ல சாய்ஞ்சுக்கிட்டு... செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு...

அவள்: ...

அவன்: லைன்ல இருக்கீங்களா மேடம்?

அவள்: இருக்கேன்.

அவன்: சளியா? மூக்கடைச்ச மாதிரி இருக்கு.

அவள்: ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தி சார்.

அவன்: ஏசியை ஏத்தி வெச்சுட்டு நடுங்குற பழக்கம் உனக்கு இன்னும் போகலையா?

அவள்: ...இப்ப "உனக்கு"ன்னீங்க.

அவன்: வாய் தவறிடுச்சு.

அவள்: எப்பத்துலேர்ந்து தெரியும்?

அவன்: நான் "ஹலோ"ன்னதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்டியே, அப்பவே.

அவள்: அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் மேடம் மேடம்னு...

அவன்: நீ சார் சார்னியே! நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணாக் குடும்பம் நடத்தினப்பக்கூட நாம இவ்வளவு மரியாதையாப் பேசிக்கிட்டதில்ல.

அவள்: சிரிப்பு மூட்டாதீங்க. பக்கத்து சீட்ல ஆள் இருக்கு... கடிதம் எழுதுறது நான்தான்னும் தெரியுமா?

அவன்: முதல் கடிதத்துலயே. இல்லாட்டி கட்சின்னா காத தூரம் ஓடுறவன் மாசாமாசம் கட்டுவேனா? அஞ்சு நிமிஷம் உன் பேச்சு கேக்குது. அதுக்குத்தான்.

அவள்: நிதி கட்டுற நாப்பதாயிரம் பேருக்குப் போற கடிதம் அது.

அவன்: போகட்டுமே. மத்தவங்க ஏரியைப் பத்திப் படிச்சாங்க.

அவள்: ...அப்ப ஏன் நிறுத்தினீங்க? நிஜத்தைச் சொல்லுங்க.

அவன்: போன வாரம் "ஏரிப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தேன்"னு எழுதியிருந்தே.

அவள்: ஆமா. அந்தக் கடைசிப் படி. பாசி வழுக்குமே, நீங்ககூட ஒரு தடவை...

அவன்: பாசியாவது! அந்தப் படியிலேர்ந்து தண்ணியைத் தொட இன்னும் முந்நூறு அடி நடக்கணும். முக்கால்வாசி வெடிச்ச களிமண்ணு.

அவள்: என்னங்க சொல்றீங்க!

அவன்: மூணு வருஷத்துக்கு முந்தி நீ விட்டுட்டுப் போன ஏரியையே எழுதுறே. நானும் அதையே படிச்சுக்கிட்டு, வேலைக்குப் போறப்ப அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமப் போயிட்டிருந்தேன்.

அவள்: மழை பெய்யலையா?

அவன்: அதெல்லாம் பெஞ்சுது.

அவள்: பின்ன?

அவன்: நான்தான்.

அவள்: என்னது, நீங்கதான்?

அவன்: தினம் காலையில வால்வைத் திறக்கிறது நான்தானே. எங்க டேட்டா சென்டர்ல ஹால் ஹாலா கம்ப்யூட்டர் பெட்டிங்க, ராப்பகலா கொதிக்குது. ஏரித் தண்ணியை விட்டுத்தான் ஆத்தணும். பாதி ஆவியாப் போயிடும். வாசல்ல மட்டும் "எடுத்த நீரைத் திருப்பித் தருவோம்"னு பச்சையா ஒரு போர்டு. உன் கடிதமும் ஏதோ ஒரு பெட்டியில உக்காந்து கொதிக்குதோ என்னமோ.

அவள்: ஏரியை விட்டு வரமாட்டேன்னுதானே என்னைத் தனியா அனுப்பினீங்க?

அவன்: ஆமா. வராம, பக்கத்துலயே இருந்து காலி பண்ணிக்கிட்டிருக்கேன்.

அவள்: ...டீச்சரம்மாவுக்குத் தெரியணும். தெரிஞ்சா சும்மா விடமாட்டாங்க.

அவன்: அவங்க வந்தாங்க.

அவள்: எங்க?

அவன்: எங்க பம்ப் ரூமுக்குத்தான். போன மாசம். நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "உங்க பிரசாரத்துக்கு எங்க கம்பெனி இதுவரைக்கும் குடுத்தது இனிமேலும் குறையாதும்மா"ன்னார் எங்க மேனேஜர். தலையாட்டினாங்க. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அவள்: "கம்பெனிப் பணம் ஒரு பைசா தொடமாட்டேன்"னு... அதை நான் எழுதினேங்க. கொட்டை எழுத்துல.

அவன்: படிச்சேன்.

அவள்: உடனே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?

அவன்: மூணு வருஷமாப் பேசாதவன் என்னன்னு ஆரம்பிக்கிறது? "சௌக்கியமா, நீ எழுதினது பொய்"யின்னா?

அவள்: ...

அவன்: அழறியா?

அவள்: இல்ல. டைப் பண்றேன்.

அவன்: என்னத்தை?

அவள்: சாயங்காலம் போக வேண்டிய கடிதம். முந்நூறு அடிங்கிறது நிச்சயந்தானா?

அவன்: நேத்து அடி மேல அடி வெச்சு நடந்து பார்த்தேன். கூடவே இருக்கும்.

அவள்: மேனேஜர் சொன்னதையும் போடறேன்.

அவன்: உன் வேலை போயிடும்டி.

அவள்: தெரியும். ரூம்ல வேற யார் இருந்தாங்க?

அவன்: அவர், அவங்க, கதவு பிடிச்ச நான்.

அவள்: அப்ப யார் சொன்னதுன்னு தெரிஞ்சிடும். உங்க வேலையும் போயிடும். வேண்டாம்னா சொல்லுங்க. அந்த வரியை எடுத்துடறேன்.

அவன்: ...எடுக்காதே.

அவள்: நல்லா யோசிச்சு...

அவன்: ஒரு வாரமா யோசிச்சாச்சு. நீ அனுப்பு.

அவள்: ...

அவன்: என்ன ஆச்சு?

அவள்: அனுப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா மனசு மாறிடும்.

அவன்: அது எனக்கு வராதே. நான்தான் நிறுத்திட்டேனே.

அவள்: நான் வாசிச்சுக் காட்டறேன்.

அவன்: நேர்ல வந்தா?

அவள்: ...போன்ல கேக்காதாக்கும்?

அவன்: கேக்கும். இருந்தாலும்... சரி, ஒண்ணு சொல்லிடறேன். கால் நனைச்ச கதைக்குக் கோவம்தான், இல்லேங்கல. ஆனா நிறுத்தினது அதுக்கில்ல. கடிதத்துக்கு அடியில பொடி எழுத்துல, "நீங்கள் நிறுத்தினால் எங்களில் ஒருவர் உங்களை அழைப்பார்"னு இருந்துச்சு. அந்த ஒருத்தர் நீயா இருந்துடணுமேன்னு ஒரு வாரமாப் போனைக் கையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஏன்டி, நிறுத்துறவங்களை எல்லாம் கூப்பிட உங்க ஆபீஸ்ல எத்தனை பேர் இருக்கீங்க?

அவள்: ஒருத்தரும் இல்ல. அந்த வரி உங்களுக்கு வந்த கடிதத்துல மட்டும்தான் இருந்துச்சு.