கனகாவுக்கு நான்தான் காது

ஓடறோம். உச்சி வெயில். அபாயச் சங்கு நிக்கல. நீட்டி ஊதுது. அறுந்து அறுந்து ஊதுது. மறுபடி நீட்டி. எங்க எண்ணூர்க் குப்பம் மொத்தமும் சந்துல முட்டிக்கினு ஓடுது. முன்னாடி எவனோ கத்தறான்.

"கடலு வருது! ரோட்டுக்கு ஓடுங்க! திரும்பிப் பாக்காதீங்க!"

என் கையில கனகாவோட மணிக்கட்டு. இறுக்கிப் புடிச்சிருக்கேன். அவ வரமாட்டேன்றா. காலை ஊணிக்கினு பின்னால இழுக்கறா. நான் முன்னால இழுக்கறேன்.

கனகாவுக்குப் பொறவியிலேயே காது கேக்காது. பேச்சும் இல்ல. எனக்குப் பக்கத்து வூடு. புருஷன் ஏழுமலை ஹார்பர்ல லோடு ஏத்தறவன். காலையில போனா பொழுது சாஞ்சுதான் வருவான். புள்ளைங்க இல்ல. அடுத்த மனுஷர் மேல அன்பா இருன்னு மாதா கோயில்ல பூசைக்குப் பூசை சாமியார் சொல்றாரு. எனக்கு அடுத்து இருக்கிறவ செவுத்துக்கு அந்தாண்டதான் இருக்கா. வேற யாரைத் தேடிப் போறது?

தண்ணி லாரி ஹாரன் அடிச்சா அவளுக்குத் தெரியாது. ரெண்டு வூட்டுக் குடத்தையும் நான்தான் வரிசையில வெப்பேன். "இன்னா பிலோமி, உனக்கு மட்டும் டபுளா?"ம்பாளுங்க. "ஆமாண்டி, எனக்கு ரெண்டு வயிறு"ம்பேன். குக்கர் விசிலு, சிலிண்டர்காரன் கூவறது, எல்லாத்துக்கும் அவளுக்குக் காது நான்தான். பெரிய தருமம் ஒண்ணும் இல்ல. பழகிப்போச்சு.

அன்னிக்கும் அதையேதான் செஞ்சேன். மீனுக்கு உப்பு தடவிக்கினு இருந்தேன். சங்கு ஊதுச்சு. சுனாமியில கடலு குப்பத்துக்குள்ள பூந்ததைக் கண்ணால பாத்தவ நான். அதுலேர்ந்து எங்க ஜனத்துக்கு ஒரே பாடம். சத்தம் கேட்டா கடலுக்கு முதுகைக் காட்டு. ஓடு. எதுக்குச் சங்குன்னு ஒருத்தரும் கேக்கல. கூடையை அப்படியே போட்டேன். கனகா வூட்டுக்குள்ள பூந்தேன். அவ முறத்துல அரிசி பொடைச்சுக்கினு குந்தியிருந்தா. தோளைத் தொட்டேன். கையாலயே அலை காட்டினேன். இழுத்துக்கினு ஓடினேன்.

ரோடு தெரியுது. ரோட்டுக்கு அந்தாண்ட உரக் கம்பெனி மதில். கனகா நிக்கறா. மூக்கைச் சுளிக்கறா. வேணாம் வேணாம்னு தலையை ஆட்டறா. எனக்கு ஒரு நாத்தமும் வரல. மீனு கழுவற மூக்கு. "சாவற நேரத்துல இன்னாடி அடம்!"னு கத்தினேன். காது கேக்காதவகிட்ட கத்தறேன் பாரு. ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தேன்.

முன்னால போனவங்க திரும்பி வராங்க.

"கேஸு! கேஸு! திரும்புங்கடா!"

பின்னால வரவங்க வழி உடல. நடுவுல நாங்க. வெள்ளையா வருது, தரையோட தரையா. கண்ணுல மொளகாயை அள்ளிக் கொட்டின மாதிரி எரியுது. மூச்சு உள்ள போவல. டமால். எவனோ வண்டியோட வுழறான். கனகா என் மேல சாயறா. அவ தொண்டையிலேர்ந்து ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தம் அவகிட்ட நான் கேட்டதே இல்ல. முந்தானையை அவ மூஞ்சியில போத்தினேன். இந்த வாட்டி கடல் பக்கம் இழுத்தேன். கையை உடல. அதுக்கப்புறம் தெரியல.

கண்ணு முழிச்சது ஆஸ்பத்திரியில. பக்கத்துக் கட்டில்ல கனகா இல்ல.

அப்புறம்தான் சொன்னாங்க. கம்பெனியில குழாய் வெடிச்சு அமோனியா கேஸு, அதுக்குத்தான் அந்தச் சங்கு. அன்னிக்குக் காத்து கடல்லேர்ந்து வீசிக்கினு இருந்துச்சு. குப்பத்துப் பக்கம் பொட்டுப் புகை வரல. அது எங்களைத் தேடி வரல. நாங்கதான் ஓடிப்போய் அதுக்குள்ள வுழுந்தோம். வூட்டுலயே குந்தியிருந்தவங்களுக்கு ஒரு இருமல்கூட இல்ல.

ஜனங்க என்னைப் புகழ்ந்தாங்க. "அவனவன் உசுரைப் புடிச்சுக்கினு ஓடறான். பிலோமி அந்த ஊமைச்சியை உடல பாரு. வேதக்காரின்னா இவதான்." அதைக் கேட்டுக்கினு என்னால குந்தியிருக்க முடியல. நேரா ஏழுமலைகிட்டப் போனேன். ஒடைச்சுச் சொன்னேன்.

"நான் இழுத்துக்கினு போவலன்னா அவ உசுரோட இருந்து சோறு ஆக்கி வெச்சிருப்பா நைனா. வரமாட்டேன்னு எவ்ளோ காட்டினா. நான்தான் உடல."

தோள்ல கெடந்த துண்டை அவன் கையில எடுத்தான். அப்புறம் கேட்டான். "கடலு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"இழுத்துக்கினுதான் ஓடியிருப்பேன்."

"அப்புறம் இன்னாத்துக்குக்கா பேஜார் ஆவற? போக்கா." சொல்லிட்டு மூஞ்சியைத் துண்டுல மூடிக்கினு அழுதான். நானும் அழுதேன். மனசு ஆறல. ஆறாது.

போனதைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. என் தொண்டை பாதி போச்சு. தெருவுல மீனு கூவ முடியல. கூடையில இருந்த மீனு நாறிப் போச்சு. ரோட்டோரம் மேஞ்ச ஆடுங்க மொத்தமும் போச்சு. எங்க குப்பத்துல செத்தது கனகா ஒருத்தி. ஏழுமலைக்குத் தெனம் கொழம்பு எடுத்துக்கினு போறேன். அவ இருந்த வரைக்கும் அந்தக் கதவை நான் தட்டினதே இல்ல. தட்டி இன்னா பிரயோஜனம்? நேரா உள்ள போய்த் தோளைத் தொடுவேன். இப்போ வெளிய நின்னு தட்டறேன்.