தேனில் உரைத்த மோதிரம்

ஹலோ... ஹலோ, அத்தான்? கலைமகள் பேசறேன், ஒரத்தநாட்டுலேருந்து... ஆமாம், ஆமாம், எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அது கெடக்கட்டும். அக்காவோட மூட்டு மாத்திரைய நிறுத்திட்டீங்களாமே?... யாரு சொன்னா என்ன?... உங்க பொண்ணுதான் சொன்னா, தமிழ்நிலா. ஹாஸ்டல்லேருந்து லீவுக்கு வந்தவ, அம்மா கையப் பாத்துட்டு பயந்து போயி எனக்கு போன் பண்ணினா... அவள ஏன் திட்டறீங்க? மறைச்சது நீங்க.

எப்பலேருந்து நிறுத்தினீங்க?... ஆடிப்பெருக்குலேருந்தா! இப்ப நவராத்திரியே வரப் போவுது அத்தான்!... சரி, சொல்லுங்க. கேக்கறேன்... ம்... ம்...

என்னது? தங்கமா?

இருங்க, இருங்க. உங்க கல்யாண மோதிரத்த... சந்தனக் கல்லுல... தேன் விட்டு உரைச்சு... அக்காவுக்குக் குடுக்கறீங்க. தெனமும். ஐயோ கடவுளே... இல்ல, நான் சிரிக்கல. எனக்கு இப்ப சிரிப்பா வரும்?

டாக்டர் சொன்னாரா! அன்னிக்கி தஞ்சாவூர்ல அவரு முன்னாடி உங்க பக்கத்துலதானே நானும் உக்காந்திருந்தேன்? என்ன சொன்னாரு? நான் படிக்கிற காலத்துல இந்த முடக்குவாதத்துக்குத் தங்கத்துலேருந்து செஞ்ச ஊசி போடுவோம்னாரு... ஆமாம், தங்கம்னுதான் சொன்னாரு... ஆமாம், நல்லாக் கேட்டிச்சுன்னும் சொன்னாரு. அதுக்கப்புறம்? சிலருக்குக் கிட்னி பாதிச்சுது, ஒடம்பெல்லாம் தடிச்சுது, அடிக்கடி ரத்தமும் மூத்திரமும் பாக்கணும், இப்ப நல்ல மருந்து வந்துட்டதால அத விட்டாச்சுன்னாரே, அது எதுவும் உங்க காதுல ஏறலையா? தங்கம்னதோட காத மூடிக்கிட்டீங்களா?

... பச்சப்புள்ளைக்குக் குடுக்கறோம்தான். யாரு இல்லேன்னா? வசம்பு, ஜாதிக்காயோட மோதிரத்தையும் ரெண்டு இழைப்பு இழைச்சு நாக்குல தடவுவோம். தமிழ்நிலாவுக்கு நானே தடவியிருக்கேன். அது ஆசைக்குத் தடவறது. அக்காவுக்கு வந்திருக்கறது நோய்... இல்ல அத்தான், அந்தத் தங்கம் வேற, இந்தத் தங்கம் வேற. அது ஒடம்புல கலக்கற மாதிரி மருந்தா செஞ்சது. இது வயித்துக்குள்ள போயி, காலையில அப்படியே வெளியில வந்துடும்... ஆமாம், அசிங்கமாத்தான் பேசறேன். வேற எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்?

... கேன்சர் மாத்திரையா? எவன் சொன்னான்?... பஸ்ல பக்கத்துல உக்காந்தவனா! மாத்திரை அட்டையப் பாத்துட்டு சொன்னானா... ம்... ஓ, அதான் விஷயமா. அத்தான், இங்க பாருங்க. அத கேன்சருக்கும் குடுப்பாங்க, நெசம்தான். அதுக்கு அளவே வேற. மூட்டுக்கு வாரத்துல ஒரு நாள், கொஞ்சூண்டு. பயமா இருந்தா டாக்டர்ட்ட கேட்டிருக்கலாம்ல? வயல்ல பூச்சி விழுந்தா நாலு பேர்ட்ட கேட்டுட்டுத்தானே மருந்து அடிக்கறீங்க? பொண்டாட்டி கைக்கு மட்டும் பஸ்ல வந்தவன் போதுமா? எனக்காவது ஒரு போன்... கத்துவேனா? ஆமாம், கத்துவேன்! இப்ப மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?

... எங்க வீக்கம் வடிஞ்சிருக்கு? அம்மாவால சோறு பெசைய முடியல, தலை பின்ன முடியலன்னு உங்க பொண்ணு அழுவுறா. இப்படியே விட்டா வெரலு கோணிக்கும் அத்தான். கோணிடுச்சுன்னா அப்புறம் எந்த மருந்தாலயும் நிமித்த முடியாது. அதையும்தான் டாக்டர் சொன்னாரு.

அக்காட்ட குடுங்க... குடுங்கங்கறேன்... மடை தொறக்கணுமா? நல்லாத் தொறங்க. ஸ்பீக்கர்ல போட்டு அவ பக்கத்துல வச்சிட்டுப் போங்க.

அக்கா?... அத்தான் போயாச்சா? சரி, உண்மையச் சொல்லு. வலி எப்படி இருக்கு?... பரவால்ல, பரவால்லன்னு எங்கிட்ட சொல்லாத, எனக்கு எரிச்சலா வருது... ம்... ராத்திரி தூக்கமே இல்லையா?... அழாத. அழாதக்கா.

... என்ன? ஒனக்கே தெரியுமா? அந்தத் தேன்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேவா நக்கிட்டு இருக்க? உன்ன என்னதான் பண்றது நான்!

... ம்.

... அவரா? விடியறதுக்குள்ள எந்திரிச்சா?... அவரே கல்லக் கழுவி... தலைய மடியில வச்சு...

... சரிக்கா. புரியுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்காத மனுசன்... புரியுதுங்கறேன்ல. அதுக்காக ரெண்டு கையையும் எழுதிக் குடுத்துடுவியா நீ?

... ஏன் நிறுத்தப் போறாரு? தேன நிறுத்துன்னு யாரும் சொல்லல. நாளைக்கி காலையில நான் குடவாசலுக்கு வர்றேன். கெளம்பி இரு. டாக்டர்ட்ட போயி ரத்தம் பாத்துட்டு, அவரு சொல்றபடி மறுபடி ஆரம்பிப்போம். அந்த மாத்திரையையும் அத்தான் கையாலேயே குடுக்கச் சொல்றேன், போதுமா?

... என்ன?... மாத்திரை வாரத்துல ஒரு நாள்தானேங்கறியா?

அடிப்பாவி.

... சரி, சரி. மத்த நாளெல்லாம் தேன் குடுக்கட்டும். நானே சொல்றேன் அவர்ட்ட. கத்த மாட்டேன்... சத்தியமா கத்த மாட்டேன். போய் மொகத்தக் கழுவு. வச்சிடு.

... அக்கா?... இன்னும் லைன்லதான் இருக்கியா? வச்சிடுன்னேனே... அந்தச் செவப்பு பட்டன அமுக்கு... மெதுவா... இன்னொரு வெரலால?...

விடு. விடுக்கா. நானே வைக்கறேன்.