நடுவில் மட்டும் தொட்டேன்

திரையை நிமிர்த்தி வைத்தால் இடம் மிச்சம், சார். தாராவியில் கட்டிலையே பகலில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிடுவோம். அதனால் என் அண்ணன் தாஹிரின் பட்டறையில் நான் அந்தத் திரையை நிமிர்த்தியதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தோல் வெட்டும் இயந்திரம் அது. மேசையில் விரித்த தோல் திரையில் தெரியும். வேண்டிய இடத்தைத் திரையில் தொட்டால் கத்தி அங்கே இறங்கும். அதன் மென்பொருளைச் சோதிப்பது ஐரோலி கம்பெனியில் என் வேலை. திரையை அப்படி நிமிர்த்தித் திருப்பினால், தொடும் புள்ளியின் கணக்கும் கூடவே திரும்ப வேண்டும். படம் திரும்பியது, கணக்கு திரும்பவில்லை. இடது மூலையைத் தொட்டால் கத்தி வலது மூலையில் விழுந்தது. முதல் சோதனையிலேயே பார்த்துவிட்டேன்.

பிறகு நடுப்புள்ளியை மட்டும் தொட்டேன். எப்படித் திருப்பினாலும் நடு நகராது. 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளோட்டத்துக்கு ஒரு பட்டறை வேண்டும் என்றார்கள். அண்ணன் பட்டறையைச் சொன்னேன்.

அண்ணன் நல்லவன். சிறு வயதில் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவன். ஆனால் உம்மாவுக்கு எப்போதும் அவன் கைதான் உசத்தி.

"தாஹிர் கை பரக்கத்தான கைலா, தொட்டதெல்லாம் பெருகும். ஒனக்கு மவுச உருட்டத்தான தெரியும்" என்பாள், விருந்தாளிகள் முன்னாலேயே. நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

அண்ணன் தோலை வலது கையால் வலது மூலையில் அழுத்திக்கொண்டு, இடது கையால் திரையின் இடது மூலையைத் தொடுவான். அவன் பழக்கம் எனக்குத் தெரியும்.

பட்டறையிலிருந்து போன் வந்தபோது ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது நான்தான் அவனுக்கு ஊட்டுகிறேன். "ஒன் கை மட்டும் இல்லன்னா இவன் கதி என்னல" என்றாள் உம்மா. அழுதுவிட்டேன், சார். சந்தோஷத்தில்தான்.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. போன கையின் விரல் அரிக்கிறது என்கிறான்.

"சொறிஞ்சு விடுல, தம்பி."

வெறும் காற்றைச் சொறிவேன்.

"அங்ஙன இல்லல. கொஞ்சம் இந்தப் பக்கம். ஆங், அதான்."

அந்த இடத்தில் என் விரல் நுனியில் சூடு தட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

மென்பொருள் கோளாறு என்று எழுத வேண்டாம். நான்தான் வெட்டினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து?

சீக்கிரம் விட்டுவிடுங்கள், சார். சாப்பாட்டு நேரம் ஆகிறது. நான் போகாவிட்டால் அவனுக்கு யார் ஊட்டுவார்கள்?