பிளாஸ்திரி ஒட்டின கண்ணு

என் பேத்திக்கு இடது கண்ணு போச்சு. இனி வராது. அதனாலதான் சொல்றேன், உங்க பாப்பாவுக்கு அந்தப் பிளாஸ்திரியப் பிரிக்காதீங்க தம்பி. அழுதா அழட்டும்.

நானா? டாக்டர் இல்ல, லாரி ஓட்டினவன். உள்ள சின்னப் பேத்தியப் பாக்கறாங்க. வெளிய உக்காருன்னாங்க, உக்காந்திருக்கேன்.

சேச்சே, அடியெல்லாம் படல. பெரியவளுக்குக் கண்ணு சுத்தமாத்தான் இருக்கு. மூளைதான் அதைக் கண்டுக்க மாட்டேங்குது. மூளைக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் பக்கத்துப் பக்கத்துல இடமாம். நல்ல கண்ணு சப்பணம் போட்டு மொத்தத்தையும் புடிச்சுக்கும். மத்தது வாயத் தொறந்தா, சும்மா கெடன்னு அமுக்கிடும். அதான் நல்லதை மூடறது. சோனிக் கண்ணு வேற வழியில்லாம பாத்துப் பாத்துத் தன் இடத்தை வாங்கிக்கும். சின்ன வயசுலதான் நடக்கும். அப்புறம் சிமெண்டாட்டம் இறுகிடும்.

ஒட்டாம என்ன? நாலு வயசுல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம். காலையில என் மக ஒட்டிட்டு வேலைக்குப் போவா, சாயங்காலம் வந்து பிரிப்பா. நடுவுல வீட்ல நானும் குழந்தையும்தான். எழுத்துப் பலகையில ஒரு வரி கூட ஏறல. டாக்டரம்மாவுக்கே புரியல. நிஜமாத்தான் ஒட்டறியான்னு கேட்டுக் கேட்டு என் மகளை அழ வெச்சாங்க. நான் பக்கத்துலயேதான் நின்னேன்.

இப்பப் பதினொரு வயசு. டம்ளர்ல தண்ணி ஊத்தினா பாதி மேஜையில.

சின்னவளுக்கும் அதே கோளாறு. போன வருஷம் தெரிஞ்சுது. அதே பிளாஸ்திரி, அதே அழுகை. கதவுல போய் இடிச்சுக்குது, வந்து என் காலைக் கட்டிக்குது. எவ்வளவு நேரம்யா பாத்துட்டிருக்கறது? கை தானாப் போச்சு. பெரியவ லீவுல வீட்ல இருந்தா. வந்து கையப் புடிச்சுட்டா. தாத்தா, தொடாதீங்க. நல்ல கண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுல ஒட்டுவீங்க. அம்மா வர்றதுக்குள்ள திருப்பி மாத்திடுவீங்கன்னா.

ஆமா. ரெண்டு வருஷமும் அதான் பண்ணேன். மாத்திட்டா ஓடி விளையாடுவா. சிரிப்பா. நாலு வயசுல நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?

இல்ல. அம்மாகிட்ட இன்னிவரைக்கும் சொல்லல. நானும் சொல்லல. எந்த வாயால சொல்றது?

அன்னையிலேருந்து தினமும் காலையில பேனாவால ஒரு கோடு போடறா. பாதி பிளாஸ்திரி மேல, பாதி கன்னத்து மேல. நகத்தினா தெரிஞ்சிடும். அம்மா கேட்டா, சும்மா விளையாட்டுன்னுடுவா. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையக் கூட வெக்காம, தங்கச்சி மூஞ்சியத் திருப்பி, குனிஞ்சு, அந்த ஒத்தக் கண்ணால பாப்பா. அப்புறம் என்னையும் ஒரு பார்வை.

சின்னவ இப்ப நாலாவது வரி படிக்கிறாளாம். டாக்டரம்மா என் மகளைத்தான் கெட்டிக்காரின்னு மெச்சிக்கறாங்க. அவளுக்கென்ன தெரியும் பாவம். எல்லாம் பெரியவ பண்ணது.