ஆறாவது ப்ரூஃப்

கலர்ப் படத்தைவிடக் கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சடிப்பதுதான் கஷ்டம் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். கம்ப்யூட்டர் அந்தச் சாம்பல் நிறத்தை நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகளுக்கும் பங்கு போட்டுவிடும். ஒன்று இம்மி கூடினாலும் போச்சு. மாப்பிள்ளை முகம் ரோஸாகும், இல்லை மாமனார் பாசி பிடித்துப்போவார்.

முதலாளி அண்ணனிடம் இதற்கு ஒரே வைத்தியம்தான். "கறுப்புத் தகடு ஒண்ணு போதும்டா. மத்த மூணையும் எடுத்துடு, பிரச்சனையே இல்ல." பிரச்சனை இல்லைதான், படத்தில் ஆழமும் இருக்காது. நான்கு மையையும் கண்ணாலேயே எடைபோட்டு நிறுத்த வேண்டும். அவருடைய அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

போன மாதம் ஒரு பள்ளியின் ஆண்டு மலர், படமெல்லாம் பச்சையடித்துத் திரும்பி வந்தது. மிஷின்காரர் மையைக் கூட்டிவிட்டார் என்றேன். எல்லார் முன்னாலும் அண்ணன் சிரித்தார். "மை மேல பழி போடாத. உனக்குக் கண்ணு போயிடுச்சு. ஒண்ணாம் தேதியிலேருந்து பைண்டிங்ல உக்காரு."

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். குறை சொல்ல முடியாத ஒரு படம் செய்து காட்டினால் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எல்லாரும் கையில் வைத்து நிதானமாகப் பார்ப்பது இரங்கல் அட்டையைத்தான். அண்ணனின் பழைய போட்டோ ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். செவ்வாயிலிருந்து வியாழன்வரை ஆறு முறை மாதிரி அச்சடித்து ப்ரூஃப் பார்த்தேன். முதலில் கன்னம் ரோஸாக வந்தது. அதைக் குறைத்தால் தாடை மஞ்சளானது. ஆறாவதில் சுத்தமான சாம்பல் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் தவறினார். மாடியில் காகிதக் கட்டு ஏற்றுகிற லிப்டுக்குள் அவர் எப்போதும் தள்ளுவண்டியை இழுத்தபடி பின்பக்கமாகவே நுழைவார். திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. நான் லிப்டைக் கீழே இறக்கிவிட்டு, மாடியில் அதன் கதவைத் திறந்து வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஞாயிறு காலையிலேயே அட்டை தயார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு நீங்கதான் தம்பி எல்லாம்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

ப்ரூஃபின் ஓரத்தில் தேதி தானாக அச்சாகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேலை முடிந்து அட்டையெல்லாம் போய்ச் சேரும்வரை ப்ரூஃபைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அதனால்தான் ஆறும் என் மேஜையிலேயே உங்களுக்குக் கிடைத்தன.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. இதை எழுதிக்கொண்டிருப்பவரும், "ஆமா சார், முகம் பச்சையாத்தான் இருக்கு" என்கிறார். அண்ணியும் அதையே சொன்னாராம். நீங்கள் சொன்னபடி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தமான சாம்பல்.

இங்கே வெயிலே சரியில்லை.