மூக்கம்மாளுக்கு மூணு அட்டை

—ஏழாம் நம்பர் தக்காளிக்கு என்ன எழுதியிருக்கீங்க அண்ணாச்சி? கொஞ்சம் வாசிங்க.

—"நல்ல புளிப்பு, நாக்குல சுள்ளுனு ஏறுது." பத்துக்கு எட்டு. ஏன் டீச்சர், கூடிப்போச்சோ?

—எட்டாம் நம்பருக்கு?

—"புளிப்பு மட்டு, இனிப்பு தூக்கல்." ஆறரை.

—ஒம்பது?

—"புளிப்பும் இனிப்பும் சரிபாதி." என்ன டீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்துத மாதிரி கேக்கிய? ஞானபாக்கியம் டீச்சர், நீங்க ரிட்டையராகி எட்டு வருசமாச்சு, இன்னும் செவப்பு மை வத்தலையாக்கும்.

—நான் ஆறாம் நம்பரோட பேனாவை மூடி வச்சிட்டேன். ஏன்னு கேளுங்க.

—ஏன்? காலு வலிக்குதா? இன்னும் முப்பது தட்டு கெடக்கே. அந்த ரஹ்மத் வேற மிளகுதக்காளியைக் கொண்டாந்து வச்சிட்டு, "இதுவும் தக்காளிதான, ஏன் போட்டியில சேக்க மாட்டிய"ன்னு வந்ததுல இருந்து மல்லுக்கு நிக்கா.

—அவளை விடுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டான்லி அவன் ஸ்டால்ல நமக்கு ஒரு பழம் குடுத்தானே, செவப்பா, சுண்டுவெரல் நுனி அளவுக்கு. அது என்ன பழம்?

—ஏதோ வெளிநாட்டுச் செடிங்கான். நான் மண்டபத்துக்காரன்கிட்ட போன்ல பேசிட்டுக் கடைசியிலதான வந்தேன். தோட்டக்கலை ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருசம் இருந்தேன்னு பேருதான். இந்த மாடித்தோட்டத்துப் பிள்ளையள் கொண்டாருத செடியில பாதிக்கு எனக்குப் பேரு தெரியல, பாத்துக்கிடுங்க. கொடியில உருளைக்கிழங்கு காய்க்குங்கான் ஒருத்தன். செங்கோட்டைக்காரரு ஒருத்தர் நித்யவழுதனைங்காரு, பாத்தா அவரைக்காய்க்குக் கிராம்பு வேசம் போட்ட மாதிரி இருக்கு.

—பேச்சை மாத்தாதீங்க. அந்தப் பழத்துக்குப் பேரே அதிசயப் பழம். அதைத் தின்னா ஒரு மணி நேரத்துக்கு நாக்குல புளிப்பு தெரியாது, புளிக்கிறது எல்லாம் இனிக்கும். அதைக் காட்டத்தான் பின்னாலேயே புளியங்குடி எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குடுத்தான். எனக்குச் சீனிப்பாகு மாதிரி இருந்துது. நீங்களும் சப்பினீங்க. "எப்படி சார் இருக்கு"ன்னு கேட்டான். என்ன சொன்னீங்க?

—என்ன சொன்னேன்?

—"புளியங்குடி எலுமிச்சைல்லா, பல்லு கூசுது"ன்னீங்க. எல்லாரும் தமாசுன்னு நெனைச்சுச் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். அப்புறம் இங்க வந்து உக்காந்தா, ஆறு தட்டும் எனக்கு ஒரே இனிப்பு. நீங்க பாட்டுக்கு நல்ல புளிப்பு, புளிப்பு மட்டு, சரிபாதின்னு எழுதிக்கிட்டே போறீங்க.

—சில பேருக்கு அந்தப் பழம் வேலை செய்யாதோ என்னமோ.

—கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்டயா கதை விடுறீங்க?

—பைய பேசுங்க டீச்சர். மைக் பக்கத்துல இருக்கு.

—மைக்கை நான் அமத்திட்டேன். இப்ப சொல்லுங்க.

—தெரியல டீச்சர்.

—எது தெரியல?

—எதுவுமே. புளிப்பு, இனிப்பு, உப்பு ஒண்ணும் தெரியல. மொளகா மட்டும் எரியும். எரிச்சல் மட்டுந்தான், ருசி கெடையாது. கொரோனாவுல போனது. ரெண்டு வாரத்துல வந்துரும்னாங்க. நாலு வருசமாச்சு.

—கர்த்தாவே! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

—திருநெல்வேலியில ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். ஒருத்தர் மூக்குல விடச் சொல்லி மருந்து குடுத்தாரு. இன்னொருத்தர், "உயிரோட இருக்கீங்கல்லா, சந்தோசப்படுங்க"ன்னாரு. சந்தோசப்பட்டுக்கிட்டுதான் இருக்கேன். காப்பின்னா சுடுதண்ணி, தோசைன்னா ஈரத்துணி.

—வடிவம்மாளுக்குத் தெரியுமா?

—அங்கனதான் சிக்கலே. கல்யாணமான நாள்ல இருந்து அவ வச்ச கொழம்புல நான் கொறை சொல்லாத நாள் கெடையாது. உப்பு தூக்கல், புளி கம்மி, காயம் போட மறந்துட்டியான்னு ஒரே கச்சேரிதான். எத்தனை நாள் அவ முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டே பரிமாறியிருக்கா தெரியுமா? இப்ப என்ன வச்சாலும் "பிரமாதம் வடிவு"ங்கேன். அவ மொகத்தைப் பாக்கணுமே நீங்க. "கொரோனாவால எல்லாருக்கும் கேடு வந்துது, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் புத்தி வந்துது"ன்னு இலஞ்சி ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதா. அவகிட்டப் போயி, நாலு வருசமா நீ வச்சதெல்லாம் எனக்கு மண்ணாத்தான் இருந்துதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?

—அது உங்க வீட்டு விசயம், நான் தலையிடலை. இங்க நீங்க நடுவர். என்னை இந்த வருசந்தான் கூட உக்காரச் சொன்னீங்க. போன மூணு வருசமும் தனியா உக்காந்து எப்படி மார்க் போட்டீங்க?

—கண்ணால பாப்பேன், வெரலால அமுக்குவேன். நெறம், தோலு, சதை, இதுல எனக்குத் தப்பே வராது. ருசிக்கு மட்டும்... வாழ்நாள்ல எம்புட்டுத் தக்காளி தின்னிருக்கேன், எல்லாம் ஞாவகத்துல கெடக்குல்லா? அதுல ஒண்ணை எடுத்து எழுதிருவேன்.

—அதுக்குப் பேரு பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில ஒம்பதாவது.

—தெரியும் டீச்சர். ஒவ்வொரு வருசமும் இத்தோட விலகிருவோம்னுதான் நெனைக்கேன். ஆனா இந்தத் தோட்டத் திருவிழாவை ஆரம்பிச்சதே நாந்தானே. மாசி மாசம் அருவியில தண்ணி நூலாத்தான் விழும், குத்தாலத்துல ஈ காக்கா இருக்காது, மண்டபம் சும்மாதான் கெடக்கும்னு சொல்லி, மொத வருசம் பன்னெண்டு தொட்டியை வச்சு ஒப்பேத்தினோம். இப்ப வாசல்ல எம்புட்டுச் செருப்பு கெடக்குன்னு பாருங்க. வருசத்துல இந்த ஒருநாள்தான் நாலு பேரு வந்து "சார், நீங்க சொல்லுங்க சார்"ங்காங்க. மத்த நாளெல்லாம் எனக்கு என்ன சோலி? பேப்பர் வாசிக்கேன், தூங்குதேன்.

—எனக்குப் பாவமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா மாடியில சொமந்து சொமந்து தண்ணி ஊத்தி வளத்தவங்க பாவமில்லையா? போட்டியை நடத்துறது ஸ்டான்லிதானே, பரிசு சொல்லுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.

—இன்னைக்கு மட்டும் விட்டுருங்க டீச்சர். மத்தியானம் வடிவு சாப்பாடு கொண்டு வாறா. இத்தனை பேரு முன்னால அவளுக்குத் தெரிய வேண்டாம்.

—சும்மா இருங்க, யாரோ ஒரு அம்மா தட்டோட நம்ம மேசைக்குத்தான் வாறாங்க.

—ஐயா, கும்பிடுதேன். டீச்சரம்மா, கும்பிடுதேன். நான் மூக்கம்மா, கீழப்பாவூரு. இருபத்தி மூணாம் நம்பர் தக்காளி என்னுதுதான்.

—வாங்கம்மா. ரிசல்ட் மத்தியானந்தான் சொல்லுவோம்.

—ரிசல்ட்டுக்கு வரலைங்கய்யா. ஒண்ணு கேக்கணும். போட்டி முடிஞ்சதும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டை குடுப்பியள்லா, தக்காளி என்ன ருசின்னு எழுதி. அதை எழுதுதது யாரு?

—சுவைக் குறிப்பா? நாந்தான்.

—இந்தா, இந்த மூணும்?

—மூணும்... என் கையெழுத்துதான். ஏம்மா, அதுல ஏதும் தப்பு இருக்கா?

—அண்ணாச்சி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேனை இந்தப் பக்கம் திருப்பவா? குடுங்கம்மா, நான் பாக்கறேன். அடேயப்பா, பிளாஸ்டிக் கவர்ல போட்டுல்லா வச்சிருக்கீங்க.

—அடுப்படியில மாட்டியிருக்கேன் டீச்சரம்மா, நனையக்கூடாதுல்லா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஒரு மெஸ் வச்சிருக்கேன். கொழம்புக்கெல்லாம் கடைத் தக்காளிதான். ரசத்துக்கு மட்டும் வீட்டுத் தக்காளி. கெணத்தடியில பதினெட்டு மூடு செடி நிக்கி. எங்க அம்மை காலத்து வெதை, பறங்கிக்காய் மாதிரி வரிவரியா இருக்கும், பாக்க லெச்சணமா இருக்காது. சத்தமா வாசிங்க டீச்சரம்மா, கேக்கேன்.

—"முதல்ல இனிப்பு. மழை நின்ன மண்ணு மாதிரி ஒரு வாசம்." இது மொத வருசம். அடுத்தது, "தோலு தடிப்பு, உள்ள தேன்." போன வருசம், "புளிப்பு முந்துது. ரசத்துக்கு ஏத்தது."

—அதைப் பாத்துத்தான் ரசத்துக்குப் புளியைப் பாதியாக் கொறைச்சேன்.

—ஐயோ! கொறைச்சிட்டியளா?

—கொறைச்சேன் ஐயா. நீங்க எழுதினா அதுக்கு மேல பேச்சு உண்டா?

—அப்புறம்? யாரும் ஒண்ணும் சொல்லலையா?

—பேங்க்ல இருந்து ஒரு சார் சாப்பிட வருவாரு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அன்னைக்கு ரசத்தை ரெண்டு கையிலயும் வாங்கிக் குடிச்சாரு. மூணு தரம்.

—கேட்டீங்களா அண்ணாச்சி? உங்க எழுத்துக்கு உள்ள மருவாதியை.

—டீச்சர், நீங்க கொஞ்சம்... சரிம்மா, இப்ப என்ன வேணும் உங்களுக்கு? பரிசா?

—பரிசு கெடக்கு, விடுங்க. மூணு வருசத்துல ஆறுதல் பரிசா ஒரு பூவாளி கூட எனக்கு விழல, நான் வருத்தப்பட்டேனா? இந்த வருசம் அட்டையில எழுதாம வாயால சொல்லுங்க. ரெண்டு வரி எனக்குப் போதல. நாக்குல வச்சதும் எப்படி இருக்கு, முழுங்கினப்புறம் எப்படி இருக்கு, மூக்குல என்ன ஏறுது, எல்லாத்தையும் சொல்லுங்க. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். இந்தா, நறுக்கியே கொண்டாந்திருக்கேன்.

—டீச்சர்...

—நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க நாக்கு, உங்க வாக்கு.

—சரி, குடுங்க. ம்... மொதல்ல இனிப்பு வருதும்மா. பொழுது ஏறினப்புறம் செடியில தொட்டா லேசா ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூட்டோட வாற இனிப்பு.

—ம்.

—அப்புறம் புளிப்பு. சட்டுனு வரலை. நாக்கு ஓரத்துல, புதுசா வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி, கூச்சப்பட்டு நிக்கி.

—ம். சொல்லுங்க ஐயா, நிறுத்தாதிய.

—ஏம்மா கண்ணை மூடிக்கிட்டிய?

—அப்பதான் எனக்கு நல்லாத் தெரியுது. ஐயா, காம்பைக் கிள்ளினா ஒரு பச்சை வாசம் வருமே, கையில ஒட்டிக்கிட்டு சோப்புப் போட்டாலும் போவாதே. அந்த வாசம் பழத்துல கடைசியா இருக்கும். இருக்கா?

—அது வந்து...

—அது இருந்தாத்தான் எங்க அம்மை வெதை. இல்லைன்னா பூச்சியும் காத்தும் சேந்து வேற தக்காளியோட கலந்துட்டுன்னு அர்த்தம். இருக்கா ஐயா?

—ஏம்மா மூக்கம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க செடி, உங்க பழம். தெனமும் பறிக்கிறீங்க, நறுக்குறீங்க. ஒரு துண்டை நீங்களே வாயில போட்டா தெரிஞ்சிரப் போகுது. அண்ணாச்சிகிட்ட எதுக்குக் கேக்கணும்?

—தெரியாதே டீச்சரம்மா.

—எது தெரியாது?

—பேருதான் மூக்கம்மா. கொரோனா வந்து போனதுல இருந்து மூக்குல ஒண்ணும் ஏறல, நாக்குல ஒண்ணும் நிக்கல. வெளிய சொல்லிராதிய, உங்க காலைத் தொட்டுக் கேக்கேன். சமைக்கிறவளுக்கு ருசி தெரியாதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு எலை விழுமா மெஸ்ல? ரசத்தை உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்து, தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டுவேன். எல்லாம் கை அளவுதான். மக எப்சிபாகிட்ட கேட்டா, "நல்லாத்தான் இருக்கு, போம்மா"ங்கா. மருமவனும் நல்லாருக்குங்கான். நல்லாருக்குன்னா என்ன ருசி, சொல்லுங்க? அம்மை செத்தப்ப கூட நான் இப்படி அழுதது இல்ல டீச்சரம்மா, அவ வெதையில வந்த பழம் எனக்குத் தெரியாமப் போச்சேன்னு அப்படி அழுதேன். அப்பதான் இந்தத் திருவிழாவுல மொத அட்டை வந்துது. மழை நின்ன மண்ணு மாதிரின்னு எழுதியிருந்துது. வாசிச்சதும் ஒரு நிமிசம் நாக்குல நிசமாவே வந்துட்டுப் போச்சு, சத்தியமா. என் தக்காளி எப்படி இருக்குன்னு இந்த ஒலகத்துல எனக்கு உள்ளதை உள்ளபடி சொன்னது ஐயா ஒருத்தருதான்.

—அண்ணாச்சி...

—ஐயா என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ? அந்த வாசம் இல்லையா? இல்லைன்னாலும் சொல்லிருங்க, நான் தாங்கிக்கிடுவேன்.

—இல்லம்மா, அப்படி இல்ல. டீச்சர், அந்தத் தட்டை உங்க பக்கம் இழுங்க. நீங்க ஒரு துண்டு தின்னுட்டுச் சொல்லுங்க.

—நானா? ஸ்டான்லி பழம் இன்னும் என் நாக்கை விட்டுப் போகலையே. இப்ப புளியங்காயைக் குடுத்தாலும் வெல்லம்னுதான் சொல்லுவேன். சரியாத் தெரியணும்னா இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

—ஐயா இருக்கும்போது டீச்சரம்மாவை எதுக்குக் கஷ்டப்படுத்துதிய?

—மூக்கம்மா, இந்த நாற்காலியை இழுத்துப் போட்டு எம் பக்கத்துல உக்காருங்க. டீச்சர், உங்க நாக்கு தெளிஞ்சதும் அவசரப்படாம, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நாலு வருசம் இருந்தாச்சு, இன்னும் அரை மணி நேரம் இருக்க மாட்டமா, நாங்க ரெண்டு பேரும்?